நெஞ்சைத் திறக்கும் வழி: சிறு துளையா, பெரிய கீறலா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், 'சி' பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற நெஞ்சக அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி-பதில் பகுதியை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். - ஆசிரியர் குழு)



செயலாளர் அம்மா என்னிடம் கேட்டது, "ஹார்ட் அட்டாக் பற்றி ஏதாவது பேசுங்கள் டாக்டர்" என்றுதான். கொலஸ்ட்ரால், வாக்கிங், எண்ணெய் இதெல்லாம் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் பத்துப் பேர் பேசுகிறார்கள். அதில் நான் பதினோராவது ஆளாக வேண்டாம் என்று நினைத்தேன். வேறு ஒரு விஷயம் பேசுகிறேன்.

சமீப மாதங்களில் நம் வளாகத்திலேயே மூன்று வீட்டார் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நோய் மூன்றும் வேறு வேறு. கேள்வி மட்டும் ஒன்றுதான். "டாக்டர், நெஞ்சைத் திறந்து பண்ணணும்கிறாங்க. இப்பதான் எல்லாமே துளை போட்டுப் பண்றாங்களே, வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" ஒருவர் ஏற்கெனவே மூன்று ஆஸ்பத்திரி மாறியிருந்தார். அதில் ஐந்து வாரம் போயிருந்தது. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த ஐந்து வாரத்தைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள், முன்னால் நெஞ்செலும்பு, பின்னால் முதுகெலும்பு, கீழே உதரவிதானம் என்கிற தசைத் தட்டு. இந்தக் கூண்டுக்குள் இதயம், இரண்டு நுரையீரல், நடுவில் உணவுக்குழாய், பெருந்தமனி, தைமஸ் என்ற சின்ன சுரப்பி. வயிற்றைத் திறப்பது துணிப்பையைத் திறப்பது மாதிரி. நெஞ்சு அப்படியில்லை. கொல்லன் பட்டறைத் துருத்தி பார்த்திருப்பீர்கள். நெஞ்சு அந்த மாதிரி. விலாவும் உதரவிதானமும் விரிய, நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிகிறது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசம்தான் நுரையீரலை விரித்து வைத்திருக்கிறது. துருத்தியில் ஓட்டை போட்டால் என்ன ஆகும்? காற்று உள்ளே புகும், நுரையீரல் சுருங்கிவிடும்.

இதனால்தான் வயிறு, எலும்பு எல்லாம் அறுக்கக் கற்றுக்கொண்ட சர்ஜன்கள்கூட நெஞ்சுப் பக்கம் போகப் பயந்தார்கள். கத்தி இருந்தது, மயக்க மருந்து இருந்தது, கிருமிநீக்கம் இருந்தது. திறந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற ஒரே காரணத்தால் கதவு மூடியே இருந்தது. 1904இல் பிரெஸ்லாவ் நகரத்தில் (அன்றைய ஜெர்மனி, இன்றைய போலந்து) சவர்புருக் என்ற இளம் சர்ஜன் ஒரு யோசனை செய்தார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஒரு பெரிய பெட்டி. நோயாளியின் உடம்பு பெட்டிக்குள், தலை மட்டும் வெளியே. சர்ஜனும் உதவியாளர்களும் பெட்டிக்குள்ளேயே நின்று ஆபரேஷன் செய்ய வேண்டும்! இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தத்துவம் சரிதான். பிறகு, அறையின் காற்றை உறிஞ்சுவதைவிட, மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டுக் காற்றை உள்ளே தள்ளுவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். பெட்டி காணாமல் போயிற்று. இன்றைக்கு நீங்கள் மேஜையில் படுத்திருக்கும்போது உங்கள் மூச்சு மயக்க மருத்துவர் கையில் இருக்கிறது. ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றைக் கொடுத்து, மற்றொன்றைச் சுருக்கி வைத்து, 'இந்தாங்க சார், வேலை செய்யுங்க' என்று எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுப்பவர் அவர். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் சர்ஜனுக்கு ஸ்வீட் பாக்ஸ் தருவார்கள். மயக்க மருத்துவரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, வழிகளுக்கு வருவோம். இதயத்துக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் நடு வழி. நெஞ்செலும்பை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் கட்டி மூடுவோம். பைபாஸ் செய்துகொண்டவர்கள் நம்மிடையே நான்கைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் இதில் பெரிய தசை எதுவும் அறுபடுவதில்லை. எலும்பு ஒட்டிக்கொள்ளும்வரை சுமார் மூன்று மாதம் கனம் தூக்காமல், இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் போதும், வலி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நுரையீரலுக்கும் உணவுக்குழாய்க்கும் பக்கவாட்டு வழி. இதைத்தான் தோரகாட்டமி என்கிறோம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே வளைவாக அறுத்து, முதுகுத் தசையைத் தாண்டி, நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளி வழியாக உள்ளே போவோம். விலாக்களை விரிக்க ஒரு கருவி உண்டு. கார் ஜாக்கி மாதிரிப் பற்சக்கரம் வைத்து மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம், எந்த இடைவெளி என்பது எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தது. உதாரணமாக, உணவுக்குழாயின் நடுப்பகுதிக்கு இடது பக்கமாகப் போனால் பெருந்தமனியின் வளைவு குறுக்கே நிற்கும். வலது பக்கமாகப் போனால் வழி தெளிவு. ஐவர் லூயிஸ் என்ற சர்ஜன் 1946இல் விவரித்த இந்த வலப்பக்க வழி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

பக்கவாட்டு வழியின் பெரிய குறை வலி. ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. விலாவை விரிக்கும்போது அது நசுங்குகிறது. அதனால் சிலருக்குத் தையல் ஆறி மாதக்கணக்கான பிறகும் அந்தப் பட்டையில் எரிச்சல், மரத்துப்போதல், சட்டை பட்டாலே கூச்சம் என்று இருக்கும். இது மனப்பிரமை இல்லை. வீட்டில் யாராவது சொன்னால், 'ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சே, இன்னுமா' என்று கேட்காதீர்கள். நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது துளை வழி. இதற்கு மருத்துவ வட்டாரத்தில் 'வாட்ஸ்' என்று சுருக்கப் பெயர். வாட்ஸ்அப் இல்லை! வீடியோ கேமரா உதவியோடு நெஞ்சுக்குள் செய்யும் ஆபரேஷன். யோசனை புதிதல்ல. 1910இலேயே ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை எடுத்து நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்தார். சின்ன வீடியோ கேமராவும், ரத்தக்குழாயை ஒரே அழுத்தில் தைத்து வெட்டும் ஸ்டேப்ளரும் வந்த பிறகு, 1990களிலிருந்து இது வேகமெடுத்தது. ஒன்று முதல் நான்கு துளைகள், விலாவை விரிக்கும் ஜாக்கி கிடையாது. நுரையீரலின் ஒரு பிரிவையே வெட்டி, பைக்குள் போட்டு, ஒரு துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே எடுத்துவிடலாம்.

இது நல்லதா? நல்லதுதான். டென்மார்க்கில் ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 200 பேருக்கும் மேல் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. துளை முறைக்குழுவில் முதல் நாளும், பிறகு ஓராண்டு முழுவதும் வலி குறைவு. பிரிட்டனில் 500 பேருக்கு மேல் சேர்த்த ஆய்விலும் ஐந்தாவது வாரத்தில் துளை முறைக்காரர்கள் அதிகத் தெம்பாக இருந்தார்கள். புற்றை அகற்றுவதில் குறை எதுவும் இல்லை. ஆகவே, 'துளை வழியாக முடியுமா' என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் பதிலை முடிவு செய்வது பல நேரங்களில் ஆஸ்பத்திரியின் வசதியோ, சர்ஜனின் விருப்பமோ இல்லை. நீங்கள் வந்து சேர்ந்த நாள். இதை ஒரு நோயை வைத்து விளக்குகிறேன். நம் ஊரில் நெஞ்சக சர்ஜன்களிடம் நிறைய வரும் நோய் அது. மேல்நாட்டுப் புத்தகங்களில் அதற்கு இவ்வளவு இடம் இருக்காது.

காசநோயாலோ நிமோனியாவாலோ நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிக்கொள்ளும். எம்பயீமா என்று பெயர். முதல் சில நாட்களில் அது தண்ணீர் மாதிரி இருக்கும். விலா இடுக்கில் ஒரு குழாய் போட்டால் வடிந்துவிடும், மருந்து கொடுத்தால் முடிந்தது. அடுத்த கட்டத்தில் கெட்டியாகி, உள்ளே ஒட்டடை மாதிரித் திரைகள் கட்டிக்கொண்டு அறை அறையாகப் பிரிந்துவிடும். இப்போது குழாய் ஒரு அறையை மட்டும்தான் காலி செய்யும். ஆனால் துளை வழியாகக் கேமராவை விட்டு அந்தத் திரைகளை எல்லாம் உடைத்துக் கழுவிவிடலாம். இந்தக் கட்டத்தில் வருகிறவர்களுக்குத்தான் துளை முறை வரப்பிரசாதம். இதையும் தாண்டிச் சில வாரங்கள் போனால், நுரையீரலைச் சுற்றித் தடித்த தோல் ஒன்று உருவாகிவிடும். பலாப்பழத் தோல் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். உள்ளே நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விரிய முடியாது. அந்தத் தோலை நுரையீரல் கிழியாமல் அங்குலம் அங்குலமாக உரித்தெடுக்க வேண்டும். ஒரு சிலர் அதையும் துளை வழியாகச் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறந்தாக வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டிவரும், குழாய் நாள் கணக்கில் இருக்கும்.

ஒரே நோய், ஒரே நோயாளி. குழாயா, துளையா, பெரிய கீறலா என்பது காலண்டரைப் பொறுத்தது. 'தழும்பு தெரியாமல் பண்ணும் இடம்' தேடி ஐந்து வாரம் அலைந்தவருக்கு அந்த ஐந்து வாரத்திலேயே துளை வழி மூடிப்போயிருந்தது. அவர் நலமாகத்தான் இருக்கிறார், அனுமதியோடுதான் சொல்கிறேன்.

நாம் இருக்கிற இடமே ஒரு நுரையீரல் வரலாறு. சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறோம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928இல், டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். பிறகு அது அரசிடம் போயிற்று. அந்தக் காலத்தில் காசநோய்க்கு நெஞ்சு ஆபரேஷன் என்றால், விலா எலும்புகளையே எடுத்துவிட்டு, நோயுள்ள நுரையீரலை நிரந்தரமாகச் சுருங்க வைப்பது. ஒரு பக்கம் குழிந்துபோன நெஞ்சோடு நடமாடிய பெரியவர்களை நான் மாணவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். மாத்திரைகள் வந்தன, அந்த ஆபரேஷன் வழக்கொழிந்தது. சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1950களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்ததும் நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களும், இருமலுக்குச் சிரப் மட்டும் குடித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கும்வரை எங்கள் கத்திக்கு வேலை இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. அரசு மருத்துவமனையில் இலவசம். கௌரவக் குறைச்சல் என்று நினைத்து நம் வளாகத்து ஆட்களே போகாமல் இருப்பது எனக்குத் தெரியும்.

புற்றுநோயிலும் இதே கணக்குதான். கட்டி சின்னதாக, ஓரத்தில் இருந்தால் துளை. பெரிதாகி, பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

புற்றுநோய் என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1933 ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன், நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே ஆபரேஷனில் அகற்றினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். நோயாளியும் ஒரு டாக்டர், கில்மோர் என்று பெயர், மகப்பேறு மருத்துவர். ஒற்றை நுரையீரலோடு ஏறக்குறைய முப்பது வருடம் வாழ்ந்தார். கிரஹாம் நல்ல சிகரெட் பிரியர். வின்டர் என்ற மாணவர் வந்து, 'சிகரெட்தான் காரணமாக இருக்கும்' என்றபோது அவர் முதலில் நம்பவில்லை. சரி, ஆராய்ந்து பார் என்றார். இருவரும் சேர்ந்து 1950இல் வெளியிட்ட ஆய்வு, சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. பிறகு கிரஹாம் சிகரெட்டை விட்டார். 1957இல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அவர் காப்பாற்றிய கில்மோர் அவருக்குப் பிறகும் ஆறு வருடம் உயிரோடு இருந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் படிவத்தில், 'தேவைப்பட்டால் திறந்த முறைக்கு மாற்றப்படும்' என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. துளை வழியாக ஆரம்பித்துவிட்டு, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது ரத்தம் கசிகிறது என்றால் உடனே பெரிதாகத் திறப்போம். வெளியே உறவினர்கள் 'தெரியாம பண்ணிட்டாங்க' என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் என் சட்டைக் காலரையே பிடித்திருக்கிறார்கள். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றத் தெரிந்தவரிடம்தான் நீங்கள் போக வேண்டும். 'எத்தனை துளை' என்று கேட்பதோடு, 'எந்த நிலைமையில் திறப்பீர்கள், அதை நீங்களே செய்வீர்களா' என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவர் நல்ல சர்ஜன்.

நெஞ்சிலிருந்து வரும் குழாய் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் போய் முடியும். காற்று வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. மூச்சு விடும்போது தண்ணீர் ஏறி இறங்கும், குமிழி வரும். பயப்பட வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போகும்போது அன்பு மிகுதியில் பாட்டிலைத் தூக்கி நோயாளியின் மடியில் வைப்பார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே. நர்ஸ் சொல்லாமல் குழாயைக் கிளிப் போட்டு மூடவும் கூடாது.

இப்போது கேள்விகள்.

'பி' பிளாக் அம்மா ஒருவர்: என் கணவருக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். இருமச் சொன்னால் வலிக்கிறது என்று இருமவே மாட்டேன் என்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. சளி தேங்கினால் நிமோனியா வரும். எங்கள் தையலைவிட அந்த இருமல்தான் அவரை வீட்டுக்கு அனுப்பும். வலி மாத்திரையை வலி வந்த பிறகு கேட்டு வாங்காமல், வேளைக்கு வேளை கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்து அரை மணி நேரம் கழித்து, உட்கார வைத்து, தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் வந்தால் 'சார் தூங்குறார், அப்புறம் வாங்க' என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒரு பெரியவர்: எனக்கு எழுபத்தெட்டு வயது. இந்த வயதில் நெஞ்சைத் திறப்பார்களா?

வயதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை ஐயா. மூச்சுத் திறன் பரிசோதனை, இதயத்தின் நிலை இதெல்லாம் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் நான் கேட்கும் கேள்வி, லிஃப்ட் வேலை செய்யாத அன்று எத்தனை மாடி நிற்காமல் ஏறுகிறீர்கள் என்பதுதான். நம் வளாகத்தில் அந்தப் பரிசோதனை மாதம் இரண்டு தடவை தானாகவே நடந்துவிடுகிறது.

இளம்பெண் ஒருவர்: என் மாமனாருக்கு அடுத்த மாதம் நுரையீரலில் ஆபரேஷன். பால்கனியில் இன்னும் தினமும் இரண்டு சிகரெட். இவ்வளவு கிட்டத்தில் நிறுத்தி என்ன பிரயோஜனம் என்கிறார்.

ஒரு மாதம் என்பது நிறைய நாள் அம்மா. நான்கு வாரம் விட்டிருந்தாலே சளி குறையும், காயம் நன்றாக ஆறும். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் மூன்று பந்து இருக்கிற மூச்சுப் பயிற்சிக் கருவி கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். எல்லோரும் அதை ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அவரையும் கருவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், காட்டித் தருகிறேன்.